ஆறு மாதம் வராத கவுன்சிலர்

அத்தியாயம் 4

கார் நடுரோட்டில் கிறீச்சிட்டு நின்றது.

"பாஸ், பிரேக்க மிதிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? வண்டி ஓட்டுறது நான்!" என்றான் கிளெம் ஹாட்ச்.

"ஒரு யோசனை வந்துச்சு," என்றாள் ஐவி ஸ்டர்ஜன்.

"யோசனை வந்தா விரலச் சொடுக்குங்க. பின்னாடி வர்ற டிராக்டர்காரன் ஏசுநாதரையே சாட்சிக்குக் கூப்பிட்டுட்டான்."

கிளெமின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அதனால் அவன் காரில் இரண்டு பிரேக். மாணவர்கள் இல்லாத நேரத்தில் அவன் துப்பறியும் உதவியாளன். அப்போது வாத்தியார் ஸீட்டில், இரண்டாவது பிரேக்கின் மேல், ஐவி உட்கார்ந்திருப்பாள். முப்பது வருஷம் தெருத்தெருவாகப் போய், தப்பான இடத்தில் நின்ற கார்களுக்கு அபராதச் சீட்டு எழுதியவள். தனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நிறுத்தத் தெரியும். ஓய்வு பெற்றதும் துப்பறியும் நிலையம் திறந்தாள். ஊரில் பாதிப் பேர் இன்னும் அவளைக் கண்டால் தன் காரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பின் ஸீட்டில் கிளெனிஸ் டூலி. வண்டி போட்டு மீனும் சிப்ஸும் பொரித்து விற்கிறவள். அவளிடமிருந்து எப்போதும் லேசாக எண்ணெய் வாசம் வரும். இன்று அதோடு பயமும் சேர்ந்திருந்தது.

"மணி மூணு," என்றாள் ஐவி. "ஆறு மணிக்குக் கூட்டம். இன்னொரு தடவ சொல்லு கிளெனிஸ். சுருக்கமா."

"ஹாக்கில்டன் கவுன்சில்ல ஏழு பேரு, கண்ணு. மூணு பேரு என் வண்டி ஊர்ப் புல்வெளிலயே நிக்கட்டுங்குறாங்க. தலைவர் மார்ச்பாங்க்கோட சேத்து மூணு பேரு கெளம்பட்டுங்குறாங்க. ஏழாவது ஆளு ஹோரஸ் போப்ஜாய். அவரு நம்ம பக்கம். ஆனா இப்ப அவரு கவுன்சிலர் இல்லியாம்."

"செத்துட்டாரா?" என்றான் கிளெம்.

"வீட்லதான் இருக்காரு. மார்ச்சுக்கப்புறம் கூட்டத்துக்கே போகல. ஆறு மாசம் தொடர்ந்து வரலேன்னா சீட்டு தானாக் காலி. சட்டம்."

"எங்க கல்யாணத்துக்கும் அந்தச் சட்டத்தப் போட்டிருந்தா எவ்வளவு சௌகரியம்," என்றான் கிளெம்.

"காலியானா தேர்தல் வைக்கலாமே?" என்றாள் ஐவி. பதில் அவளுக்குத் தெரியும். கிளெமுக்குத் தெரியட்டும் என்று கேட்டாள்.

"பதினாலு நாளுக்குள்ள ஊர்க்காரங்க பத்துப் பேரு எழுதிக் கேக்கணும். கேக்கலேன்னா கவுன்சிலே தனக்குப் புடிச்ச ஆள உள்ள இழுத்து உக்கார வெச்சுக்கலாம். பத்தே பேரு, கண்ணு! வியாழக்கெழமை என் வரிசைல எரநூறு பேரு நிப்பாங்க. சிப்ஸ் மேல வினிகர் ஊத்துற நேரத்துல வாங்கியிருப்பேன் பத்துக் கையெழுத்த."

"அறிவிப்ப ஒளிச்சு வெச்சுட்டாங்களா?" என்றான் கிளெம்.

"பலகைலதான் தொங்கிச்சு. பக்கத்துலயே காணாமப் போன ஆமைக்கு ஒரு விளம்பரம். படத்தோட. ஊரே ஆமையப் படிச்சிட்டுப் போயிருச்சு."

"ஆமை கெடச்சுதா?"

"மறுநாளே."

கிளெம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"இன்னிக்கு மொத வேலையா பெவரல்னு ஒருத்தர உக்கார வைக்கப் போறாங்க," என்றாள் கிளெனிஸ். "புல்வெளிக்கு எதுத்தாப்புல புது வீடு கட்டுனாரே, அவரு. ரெண்டாவது வேலை, என் வண்டி. அந்த எடம் போச்சுன்னா எனக்கு வேற எடம் இல்ல. இந்த வயசுல நான் யாருகிட்டப் போயி வேலை கேப்பேன்?"

ஐவி முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "போப்ஜாய் வீட்டுக்கு விடு, கிளெம்."

"எதுக்கு பாஸ்? அவரு வரல. அவரே ஒத்துக்குறாரு."

"வரலேன்னா வேற எங்கயோ போயிருப்பாரு. ஆறு மாசம் ஒரு மனுஷன் எங்கயும் போகாம இருக்க முடியாது."

ஹோரஸ் போப்ஜாய்க்கு எண்பத்தொரு வயது. கதவைத் திறக்க எழுந்துவந்தபோது அவருடைய இரண்டு முழங்கால்களும் துருப்பிடித்த வாயிற்கதவு மாதிரி ஓசை கொடுத்தன. மூன்று பேருக்கும் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"காகிதம் வந்துச்சும்மா. சீட்டு காலின்னு போட்டிருந்துச்சு. நியாயந்தானேன்னு மடிச்சு வெச்சிட்டேன். தப்பு எம்பேர்லதான்."

"ஏன் போகல?" என்றாள் ஐவி.

"மாடி! ஏப்ரல்லேருந்து கூட்டத்தப் பழைய பள்ளிக்கூடத்து மாடிக்கு மாத்திட்டாரு மார்ச்பாங்க். இருபத்திரெண்டு படி. கீழ்ரூம யோகா வகுப்புக்கு விட்டாச்சாம்."

"யோகா யார் செய்றாங்க?"

"ஒருத்தரும் செய்யல."

"முடியலேன்னு எழுதிக் குடுத்திருக்கலாமே? கவுன்சில் ஒத்துக்கிட்டா சீட்டு தப்பிச்சிருக்கும்."

"கால் வலிக்குதுன்னு ஊருக்கு எழுதிக் குடுக்குறதா?" கிழவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "நான் என்ன பாட்டுக்காரனா, வலியப் பத்தி எழுத?"

கிளெனிஸ் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டுச்சந்து. கிளெமுக்குச் சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை.

ஐவி கை கழுவ எழுந்துபோனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஊதா நிற அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது.

"மிஸ்டர் போப்ஜாய். உங்க குளியலறைல தொட்டியே இல்ல. உக்காந்து குளிக்க ஒரு முக்காலி, மேல ஒரு குழாய். சரி. தொட்டில கரைச்சுவிட்டுப் படுத்துக் குளிக்கிற லாவெண்டர் உப்பு ஏழு பெட்டி எதுக்கு வெச்சிருக்கீங்க?"

கிழவரின் காது சிவந்தது.

"காதலி குடுத்ததா இருக்கும் பாஸ்," என்றான் கிளெம். "ஏழு காதலி. அதான் கவுன்சிலுக்கு நேரமில்ல."

"சும்மா இருப்பா தம்பி. குலுக்கல்ல விழுந்தது."

"எந்தக் குலுக்கல்?" ஐவி பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த சின்ன ரோஸ் நிறச் சீட்டை நகத்தால் தடவினாள்.

"பூக் கண்காட்சி கமிட்டில. மாசத்துக்கு ஒரு கூட்டம். முடிஞ்சதும் குலுக்கல் போடுவாங்க. வர்றதே ஒம்போது பேரு. விழாம எங்க போவும்?"

"அது எந்த மாடில?"

"மாடி எங்க? சர்ச் பக்கத்து ஹால். ஒரு படி கூடக் கெடையாது. அடுப்புப் பக்கத்துலயே நாற்காலி. பிஸ்கட் உண்டு. மத்தவங்க பேசுவாங்க, நான் தூங்குவேன். சொர்க்கம்."

"நீங்க பூச்செடி வளக்குறவரா?"

"நானா? ரோஜாவப் பாத்தாலே எனக்குத் தும்மல். கவுன்சில் அனுப்பிச்சும்மா. பதினஞ்சு பதினாறு வருஷத்துக்கு முன்னால, 'ஹோரஸ், நம்ம கவுன்சில் சார்பா நீ போய் உக்காரு'ன்னாங்க. போய் உக்காந்தேன். எந்திரின்னு யாரும் சொல்லல."

ஐவி தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். நல்ல சூடு. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஆறு மணிக்கு முன்னாடி சட்டை மாத்திட்டு ரெடியா இருங்க," என்றாள்.

காருக்குள் ஏறியதும் ஐவி கைப்பையிலிருந்து, கிளெனிஸ் தந்திருந்த கவுன்சில் கூட்டக் குறிப்புக் கட்டை எடுத்துப் புரட்டினாள். இரண்டு திருப்பம் தாண்டியதும், கிறீச்!

"பாஸ்!"

"கேளு. மே மாசக் கூட்டம். பதினோராவது விஷயம். 'வெளி அமைப்புகளில் கவுன்சிலின் பிரதிநிதிகள்: போன வருஷம் போலவே.' பட்டியல யாரும் வாசிக்கல. பசி நேரம். மொத்தமாக் கை தூக்கிட்டாங்க. நாலாவது வரி, பூக் கண்காட்சி: ஹோரஸ் போப்ஜாய். கீழ கையெழுத்து யாரோடது தெரியுமா? மார்ச்பாங்க்."

"அதனால?"

"ஆறு மாசம் வரலேன்னா சீட்டு காலி. அது சட்டத்துல பாதி. எல்லாரும் அந்தப் பாதியோட நிறுத்திக்குவாங்க. மீதிப் பாதி என்ன சொல்லுது? கவுன்சிலோட பிரதிநிதியா இன்னொரு சபையோட கூட்டத்துல போய் உக்காந்தா, அதுவும் வந்த கணக்குதான்."

"தூங்கினாலுமா?"

"முழிச்சிருக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. இருந்தா நாட்டுல பாதி சபை காலி." ஐவி கட்டை மூடினாள். "முப்பது வருஷமா நான் எழுதுன அபராதச் சீட்டுல என்னைத் தோக்கடிச்சவங்க எல்லாருமே ரெண்டாவது பாதியப் படிச்சவங்கதான்."

கிளெனிஸ் முன் ஸீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்படின்னா... சீட்டு காலியே ஆகலியா?"

"அவரு அங்க உக்காந்திருந்தாருன்னு காகிதத்துல காட்டணும். பூக் கமிட்டிக்குச் செயலாளர் யாரு?"

கிளெனிஸின் முகம் தொங்கிப்போனது. "பிலிப்பா மார்ச்பாங்க். தலைவரோட பொண்டாட்டி."

"அடடா," என்றான் கிளெம். "திருடன் வீட்டுலயே போய் சாவி கேக்கப் போறோம்."

பிலிப்பா மார்ச்பாங்க் கண்ணாடிக் கொட்டகைக்குள் நின்று ஜெரேனியம் செடிகளுக்குத் தலைவெட்டிக்கொண்டிருந்தார். வீட்டு மாடியிலிருந்து ஒரு ஆண் குரல் குளித்தபடியே பாடுவது கேட்டது.

"கூட்டத்துக்குத் தயாராகுறாரு," என்றார். "வெற்றிப் பாட்டு. காலைலேருந்து."

ஐவி கமிட்டியின் குறிப்பேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். தாராளமாகக் கிடைத்தது. கிளெம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். ஏப்ரல்: 'வழக்கமானவர்கள் வந்திருந்தனர்.' மே: 'வழக்கமானவர்கள் வந்திருந்தனர்.' ஜூன், ஜூலை, ஆகஸ்ட்: 'வழக்கமானவர்கள்.' ஒரு பேர் இல்லை.

"ஒம்பது பேரையும் ஒவ்வொரு மாசமும் எழுதணுமா என்ன?" என்றார் பிலிப்பா.

போச்சு, என்று நினைத்தான் கிளெம். ஆனால் ஐவி ஏட்டை மூடி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"குலுக்கலுக்குத் தனி ஏடு வெச்சிருக்கீங்களா மேடம்?"

"வைக்காம? ஒரு பன்றித் தொடைக்கு ரெண்டு பேரு சொந்தம் கொண்டாடி, ஹால்லயே கைகலப்பு ஆயிருச்சு. அதுலேருந்து தேதி, நம்பர், பரிசு, பேரு, எல்லாம் எழுதிடுறேன்."

"சீட்டு வாங்கிட்டு ஒருத்தர் வீட்டுக்குப் போயிட்டா?"

"பரிசு கெடையாது. நம்பரப் படிக்கும்போது ஆள் அறைல இருக்கணும். இல்லேன்னா அடுத்த நம்பர். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு."

கிளெம் மெதுவாக விசிலடித்தான். கூட்டக் குறிப்பில் பேரே எழுதாத ஒரு கமிட்டி, குளியல் உப்புக்கு மட்டும் நீதிமன்றம் மாதிரி பதிவு வைத்திருக்கிறது!

ஏடு வந்தது. ஐவியின் விரல் கீழே இறங்கியது. ஜூன் இரண்டு: ரோஸ், பதினெட்டு, குளியல் உப்பு, எச். போப்ஜாய். ஆகஸ்ட் நான்கு: ரோஸ், முப்பத்தொன்று, குளியல் உப்பு, எச். போப்ஜாய்.

"பாவம் ஹோரஸ்," என்றார் பிலிப்பா. "அந்த உப்பெல்லாம் நான் கொண்டுபோறதுதான். எங்க வீட்டுக்காரர் குவென்டினோட அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு அனுப்புறாங்க."

"இந்த ஏடு ஒரு சாயங்காலத்துக்கு வேணும் மேடம்."

பிலிப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மாடியில் பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இதனால எங்க வீட்டுக்காரருக்குச் சங்கடம் வருமா?"

கிளெம் பொய் சொல்ல வாயைத் திறந்தான். ஐவி முந்திக்கொண்டாள். "வரும்."

"அப்ப ஒரு பைல போட்டுத் தர்றேன், இருங்க. மழை வர்ற மாதிரி இருக்கு. நனஞ்சிடக் கூடாது."

ஆறு மணி. மாடி அறை. நீளமான மேஜை, ஏழு நாற்காலி, ஆறு ஆள். ஏழாவது நாற்காலிக்குப் பின்னால் பெவரல் புது சூட்டில் நின்றிருந்தார். நாற்காலியின் முதுகில் ஏற்கெனவே ஒரு கையை வைத்திருந்தார், குதிரை வாங்க வந்தவர் மாதிரி.

சுவரோரப் பெஞ்சில் பொதுஜனம். கூட்டம் தொடங்குமுன் பொதுஜனம் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். ஐவி எழுந்தாள். இரண்டே நிமிஷத்தில் மே மாசப் பட்டியலையும், சட்டத்தின் இரண்டாவது பாதியையும், ரோஸ் முப்பத்தொன்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மார்ச்பாங்க் ஏட்டைப் பார்த்தார். அதிலிருந்த கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு கிளம்பி மேலே ஏறியது.

"குலுக்கல் சீட்டா? ஒரு குலுக்கல் சீட்ட வெச்சா கவுன்சில நடத்துறது?"

"நீங்க ஆமைய வெச்சு நடத்துனீங்களே," என்றான் கிளெம் பெஞ்சிலிருந்து.

"அமைதி!"

மிஸ் டக் கவுன்சிலின் கிளார்க். பதினோரு வருஷமாகத் தலைவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தவள். தடித்த சட்டப் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு பக்கம் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். முகத்தில் ஒரு ஒளி வந்தது.

"அவங்க சொல்றது சரி, தலைவரே. ஆகஸ்ட் நாலுலேருந்து புதுசா ஆறு மாசம். சீட்டு காலியே ஆகல. ஆள் இருக்குற சீட்டுக்கு ஆள் எடுக்க முடியாது."

"எங்க இருக்கார் ஆள்?" மார்ச்பாங்க் நாற்காலியைக் காட்டிக் கத்தினார். "காலியாத்தானே கெடக்கு! ரெண்டாவது விஷயத்துக்குப் போவோம். மூணுக்கு மூணு வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அதாவது எனக்கு."

ஐவி திரும்பிப் பார்த்தாள். கிளெம் பெஞ்சில் இல்லை.

படிக்கட்டில் பெரிய சத்தம். 'தூக்கு', 'சாய்க்காதடா', 'என் கால் மேல என் கால் மேல' என்று பல குரல்கள். மீன் வண்டி ஏன் இன்னும் திறக்கவில்லை என்று புல்வெளியில் காத்திருந்த ஆறு பேர் கதவு வழியாக உள்ளே வந்தார்கள். அவர்கள் தோளில் ஒரு சமையலறை நாற்காலி. அதன் மேல், டை கட்டிய ஹோரஸ் போப்ஜாய், திருவிழா சாமி மாதிரி.

"இருபத்திரெண்டு இல்ல பாஸ்," கிளெம் மூச்சு வாங்கினான். "இருபத்திமூணு. எண்ணிட்டேன்."

போப்ஜாய் தன் இடத்தில் இறக்கப்பட்டார். பெவரலின் கை நாற்காலியிலிருந்து விலகியது. கிளெனிஸ் பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நாலுக்கு மூணு. முடிந்தது.

"வண்டி போகணும்கிறவங்க," என்றார் மார்ச்பாங்க். மூன்று கை.

"இருக்கணும்கிறவங்க."

மூன்று கை.

கிளெம் எண்ணினான். மறுபடி எண்ணினான். போப்ஜாயின் இரண்டு கையும் அவர் மடியிலேயே இருந்தன. கிழவர் தூங்கவில்லை. கண் நன்றாகத் திறந்திருந்தது.

கிளெனிஸின் உதட்டில் நிறமே இல்லை. மார்ச்பாங்க்கின் சிவப்பு இறங்கி, அந்த இடத்தில் ஒரு புன்னகை வந்தது. "மூணுக்கு மூணு. ஆகவே தலைவரோட..."

"இருங்க," என்றார் போப்ஜாய். "நான் மாட்டேன்னு சொல்லல. இன்னும் முடிவு பண்ணலேன்னு சொல்றேன். ஆறு மாசமா நீங்க பேசினது எதையும் நான் கேக்கல. ஒரு பொம்பளையோட பொழப்பு இது. கேக்காம கை தூக்கினா, தூங்கிட்டே தூக்கின மாதிரி. வண்டி போறதால யாருக்கு என்ன நல்லது? ஒருத்தர் சொல்லுங்க, கேட்டுக்குறேன்."

எதிர்த்துக் கை தூக்கிய மூன்று பேரும் தலைவரைப் பார்த்தார்கள். அதில் தலைவர் மட்டும் தன்னைப் பார்க்க முடியாததால் பெவரலைப் பார்த்தார். அறை முழுக்கத் திரும்பி பெவரலைப் பார்த்தது.

பெவரல் தொண்டையைச் செருமினார். "வாடைதான். வினிகர் வாடை. நேரா எங்க வரவேற்பறைக்குள்ள வருது. திரைச்சீலைல ஏறிடுது."

"எத்தன நாளா அந்த வீட்டுல இருக்கீங்க?"

"நாலு மாசமா."

போப்ஜாய் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "நீ எத்தன வருஷமாம்மா அங்க நிக்கிற?"

"பத்தொம்போது." கிளெனிஸின் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

கிழவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை அவசரப்படுத்த அந்த அறையில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

"ஜன்னலச் சாத்துங்க சார்," என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.

கிளார்க் மிஸ் டக் எழுதினாள்: நான்கு. பேனாவை அழுத்தியதில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

"அப்ப நான் எங்க உக்கார்றது?" என்றார் பெவரல், நின்றபடியே. பொதுஜனப் பெஞ்சில் ஐவி சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

கிளெனிஸ் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள், இரண்டிரண்டாக. கிளெம் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். இருட்டத் தொடங்கிய புல்வெளியில் நாற்பது ஐம்பது பேர் காலர்களைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். அவள் வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்: "என்னாச்சு, என்னாச்சு?"

கிளெனிஸ் வண்டியின் பலகையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். உள்ளே விளக்கைப் போட்டாள். ஏப்ரனின் முடிச்சு மூன்றாவது தடவைதான் விழுந்தது.

"தள்ளாதீங்க, வரிசைல நில்லுங்க," என்றாள். "எண்ணெய் காயவே இன்னும் பத்து நிமிஷம் ஆகும்."